செவ்வரத்தைக்குப் பருத்தி நூலா, றேயோன் நூலா?

வெள்ளவத்தையில் இருக்கும் அக்காவின் வீட்டுக்கு, ஒரே செவ்வரத்தை வரைபடத்தை வைத்து, ஒரே அளவில் இரண்டு வெள்ளைப் பருத்தி மேசைவிரிப்புகளைக் கையால் தைத்துக் கொடுத்தேன். ஒன்றின் பூக்கள் மரக்கூழிலிருந்து செய்யப்படும் றேயோன் நூலில். மற்றதன் பூக்கள் ஆறிழைப் பருத்தி நூலில். தைத்து முடித்த நாளில் வந்தவர்கள் எல்லோரும் முதலில் தொட்டுப் பார்த்தது றேயோன் விரிப்பைத்தான். ஓராண்டுக்குப் பிறகு அக்காவின் மேசையில் கிடப்பது பருத்தி விரிப்பு மட்டுமே. பூத்தையலுக்கு நூல் வாங்கப் போகிறவர்கள் இதை அறிந்துகொண்டு போவது நல்லது.

பளபளப்பில் றேயோனுக்கு நிகர் பருத்தி இல்லை. அதைப் பற்றி விவாதிக்க ஏதுமில்லை. புறக்கோட்டையில் ‘சில்க் நூல்’ என்று கேட்டபோதெல்லாம் என் கைக்குப் பெரும்பாலும் வந்தது இந்த றேயோன்தான். பருத்தி நூலின் மெல்லிய மினுமினுப்பு வேறு வகையானது. 1844இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் மேர்சர் பருத்தியைக் காரச்சோடாக் கரைசலில் இட்டுப் பதப்படுத்தும் முறையைக் கண்டார். நூலை இழுத்துப் பிடித்தபடியே அதைச் செய்தால் பளபளப்பும் கூடும் என்பது பின்னர் தெரியவந்தது. அங்கர், டிஎம்சி ஆகிய இரண்டு நிறுவனங்களின் ஆறிழை நூலும் 8 மீற்றர் கட்டுகளாக வருகின்றன. வேண்டிய இழைகளை மட்டும் பிரித்தெடுத்துத் தைக்கலாம்.

நான் நின்று பேச விரும்புவது சலவையைப் பற்றி. சுவரில் தொங்கும் படத்தை யாரும் துவைப்பதில்லை. மேசைவிரிப்போ கறியும் தேநீரும் சிந்துகின்ற இடத்தில் கிடப்பது, கொழும்பு வெக்கையில் வாரம் ஒரு முறையாவது தண்ணீரைக் காண்பது. பருத்தி நார் நனைந்தால் இன்னும் வலுவடையும். றேயோன் நனைந்தால் தன் வலுவில் பெரும்பகுதியை இழக்கும். இரண்டுமே தாவரங்களில் உள்ள செலுலோசுதான் என்றாலும், மரக்கூழைக் கரைத்து மீண்டும் நூலாக இழுக்கும்போது றேயோன் பருத்தி நாரின் இயற்கையான கட்டமைப்பை இழந்துவிடுகிறது. எனவே ஈரத்தோடு கசக்கிப் பிழியும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் றேயோன் தையல் மெலிகிறது. என் விரிப்பில் நான்காவது சலவைக்குள் இதழ்களின் ஓரம் சிலும்பி, பூ முழுவதும் பூனை பிராண்டியதுபோல் ஆகிவிட்டது.

அதைவிட என்னை வருத்தியது சாயம். சிவப்பும் கரும் ஊதாவும் கசியும் வாய்ப்பு மற்ற நிறங்களைவிட அதிகம். றேயோன் விரிப்பை முதல் முறை நனைத்து, தொடர்மாடி வீட்டில் வெயில் எட்டாத கொடியில் மெதுவாக உலரவிட்டதால், ஒவ்வொரு இதழைச் சுற்றியும் இளஞ்சிவப்பு வளையம் ஒன்று படிந்துவிட்டது. பிறகு சூடான அழுத்தியால் மினுக்கியதில் அந்தக் கறை துணியோடு ஒன்றிவிட்டது. இந்தக் குற்றத்தை றேயோனின் மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகாது, ஏனெனில் பெயரில்லாத மலிவுப் பருத்தி நூலும் இப்படியே கசியும். ஆகவே எந்த நூலானாலும், தைக்கும் முன்னர் ஒரு சாண் நூலை நனைத்து வெள்ளைத் துணியின் மடிப்புக்குள் வைத்து அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால், தெளிந்த நீர் வரும்வரை குளிர்ந்த நீரில் அலசுங்கள். நின்றபாடில்லை என்றால் அந்த நூலை வெள்ளைத் துணிக்கு எடுக்காதீர்கள். தைத்த பின்னர் கசிந்தால் துணியைக் காயவிடாமலும் மினுக்காமலும் உடனே நிறைய நீரில் அலச வேண்டும். உப்பும் வினாகிரியும் சாயத்தை நிறுத்தும் என்று என் தாயார் நம்பினார். எனக்கு அவை ஒருமுறைகூட உதவவில்லை.

தையல் வகையும், அன்றாடப் பாவனையை எது தாங்கும் என்ற இதே கேள்வியில்தான் வந்து நிற்கிறது. றேயோன் விரிப்பின் இதழ்களை சாட்டின் தையலில், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நீண்ட இழைகளாக நிரப்பியிருந்தேன். ஒரு சதமீற்றருக்கு மேல் துணியைத் தொடாமல் கிடக்கும் இழை எதுவும் வளையலில், நகத்தில், கரண்டிக் காம்பில் சிக்கும். பருத்தி விரிப்பில் அதே நான்கு சதமீற்றர் இதழை நெட்டை-குட்டைத் தையலில் நிரப்பினேன். வெளி ஓரத்தில் முதல் வரிசை ஒன்று நீளம், ஒன்று குட்டை. அடுத்த வரிசையின் ஊசி முந்தைய இழையின் நுனியைப் பிளந்துகொண்டு மேலே வர வேண்டும். இழைகள் எல்லாம் பூவின் அடியை நோக்கிச் சரிய வேண்டும் என்பதால், முதலில் பென்சிலால் திசைக் கோடுகளை வரைந்துகொள்வேன். நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு பிடித்தது. ஆனால் இன்றுவரை ஒரு இழைகூட எழும்பவில்லை. மல்லிகை மொட்டு, சிற்றிலை போன்ற சிறியவற்றுக்கு சாட்டின் தையலே போதும், அழகும் அதுவே.

நெட்டை-குட்டைத் தையல் கேட்பது ஒரு நிறத்தை அல்ல, ஒரு நிறத்தின் படிகளை. டிஎம்சி நிற எண்களில் சிவப்பு 321ஐ ஓரத்துக்கும், 498ஐ நடுவுக்கும், 815ஐப் பூவின் தொண்டைக்கும் எடுத்தேன். இதற்கு முன்னர் பளிச்சென்ற ஒரே சிவப்பில் தைத்த பூ, வெட்டி ஒட்டிய கடதாசிபோல் தட்டையாகத் தெரிந்தது. நூல்களைத் துணிமேல் வைத்துத் தொலைபேசியில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். இரண்டு நூல்கள் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், எத்தனை அழகான நிறங்களாக இருந்தாலும் பூவில் அவற்றால் ஆழம் வராது. கடையின் மின்வெளிச்சத்தை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதும் அவசியம். இலைகளுக்கு 3345, 3346, 3347 ஆகிய மூன்று பச்சைகள். நடுத்தண்டின் நுனிக்கு ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் மஞ்சள் பிரெஞ்சு முடிச்சுகள், அதற்கும் மேலே செவ்வரத்தைக்கு உரிய ஐந்து சிவப்புப் புள்ளிகள்.

உண்மையான பட்டு நூலில் நான் செய்தது ஒரே ஒரு சாறி மேற்சட்டை வேலை. அது இன்னும் நன்றாக இருக்கிறது, ஆனால் அதை வருடத்தில் இரண்டு முறைக்கு மேல் யாரும் அணிவதில்லை என்பதால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும் பூவுக்கு நானும் றேயோனையே வாங்குவேன். அப்போது 40 சதமீற்றருக்கு மேல் நீளமாக வெட்டாதீர்கள். வழுக்கிச் சுருளும் நூலை ஈரப் பஞ்சில் ஒருமுறை இழுத்துவிட்டுத் தைத்தால், அது சொன்ன இடத்தில் படியும்.