எம்ஜிபி மீட்டர் முள்ளு தப்பா காட்டுதா: பழைய ஸ்டெபிலைசரா, எலக்ட்ரானிக்கா, இல்ல மீட்டரையே மாத்தறதா?

நம்ம கராஜ்ல நிக்கறது 1973 எம்ஜிபி ரோட்ஸ்டர், பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், அமெரிக்காவுக்குன்னு செஞ்ச மாடல். போன கோடைல அரை டேங்க் பெட்ரோல்தான் இருக்கு, ஆனா முள்ளு எஃப் (ஃபுல்) தாண்டி நிக்குது, டெம்பரேச்சர் முள்ளும் எச் (ஹாட்) பக்கம் சாஞ்சு கெடக்குது, இஞ்சினோ ரொம்ப சமத்தா ஓடுது. ரெண்டு மீட்டரும் ஒரே நேரத்துல ஒரே பக்கமா தப்பு பண்ணா ரெண்டும் கெட்டுப்போச்சுன்னு நினைக்கக் கூடாது, ரெண்டுக்கும் கரண்டு குடுக்கற இடம் ஒண்ணு இருக்கு, அதத்தான் மொதல்ல பாக்கணும்.

அந்த இடம்தான் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். டாஷ்போர்டுக்குப் பின்னாடி சின்ன தகர டப்பா, ஊர்ல பிரிட்ஜுக்கு வைக்கிற ஸ்டெபிலைசரோட பேர்தான், ஆனா உள்ள இருக்கற வேலை அயர்ன் பாக்ஸ் தெர்மோஸ்டாட் மாதிரி. ரெண்டு உலோகம் ஒட்டுன பட்டை, அதுமேல சூடாக்கற கம்பி சுத்திருக்கும், சூடானா பட்டை வளைஞ்சு காண்டாக்ட் விட்டுடும், ஆறினா திரும்ப ஒட்டும். இப்படி விட்டு விட்டு குடுக்கறதோட சராசரிதான் 10 வோல்ட். மீட்டர் முள்ளும் அதே மாதிரி சூட்டுல வளையற பட்டைதான், மெதுவா நகரும், அதனால இந்த விட்டுவிட்டு வர்றது முள்ளுல தெரியவே தெரியாது. எவ்ளோ அழகா யோசிச்சிருக்காங்க பாருங்க.

இப்ப இந்த ஸ்டெபிலைசர் எர்த், அதாவது வண்டி பாடியோட சேர்ற இணைப்பு, விட்டுப்போனா சூடாக்கற கம்பிக்கு கரண்டு இல்ல, காண்டாக்ட் ஒட்டினபடியே நிக்கும், மீட்டருக்கு 14 வோல்ட் நேரா போகும். சூடு வோல்டேஜோட வர்க்கத்துல ஏறும், 1.4ஐ 1.4ஆல பெருக்குங்க, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. முள்ளு அதனாலதான் மேல போய் முட்டுது. அம்பது வருஷ வண்டில எர்த் துருப்பிடிக்காம இருந்தாதான் அதிசயம், அதனால எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஸ்டெபிலைசரோட ஸ்க்ரூ உக்கார்ற இடத்த உப்புத்தாள் போட்டு சுத்தம் பண்ணி, கருப்பு வயரையும் பாருங்க. இது காசில்லாத வேலை.

ஒரு மீட்டர் மட்டும் தப்புன்னா கதையே வேற. ஃப்யூயல் மட்டும்னா டேங்க் யூனிட்ல (டேங்குக்குள்ள பெட்ரோல் அளவ பாத்து மீட்டருக்கு சொல்ற சாமான்) இருந்து வர்ற பச்சை-கருப்பு வயரை கழட்டுங்க, இக்னிஷன் ஆன் பண்ணா முள்ளு இ-ல (எம்ப்டி) கெடக்கணும், அந்த வயரை பாடில ஒரு சில செகண்ட் மட்டும் தொட்டா எஃப் பக்கம் ஏறணும். டேங்க் பக்கத்துல தீப்பொறி வேண்டவே வேண்டாம், அதனால வயரை எர்த்ல கிளிப் போட்டு வச்சிட்டு அப்புறமா சாவிய திருப்புங்க, பெட்ரோல் வாசனை வந்தா அன்னிக்கு இந்த வேலையே வேண்டாம். முள்ளு ஒழுங்கா ஏறி எறங்குச்சுன்னா மீட்டரும் வயரும் நல்லாருக்கு, டேங்க் யூனிட்தான் குத்தவாளி. இன்னொண்ணு, இங்கிலாந்துல வித்த எம்ஜிபில ரொம்ப வருஷம் டெம்பரேச்சர் மீட்டருக்கு கரண்டே கெடையாது, இஞ்சின்ல இருந்து மெல்லிசு ட்யூப் நேரா மீட்டருக்கு வரும், அந்த வண்டில ரெண்டு முள்ளையும் ஒப்பிட்டு பாக்கறது வேலைக்காகாது.

சரி, எர்த்த சுத்தம் பண்ணியும் ரெண்டு முள்ளும் தப்பாவே நிக்குது, ஸ்டெபிலைசர்தான் போச்சுன்னு தெரிஞ்சுடுச்சு. என்ன போடறது?

பழைய மாதிரியே தகர டப்பா போடலாம். அதுக்குள்ள ஒரு நல்ல குணம் இருக்கு, பேட்டரியோட பாசிட்டிவ் பாடில சேர்ற வண்டி (பாசிட்டிவ் எர்த்), நெகட்டிவ் சேர்ற வண்டி (நெகட்டிவ் எர்த்) ரெண்டுக்கும் ஓடும், சூட்டுக்கு கரண்டு எந்தப் பக்கம் போகுதுன்னு கவலையில்ல. எம்ஜிபி 1967 வரைக்கும் பாசிட்டிவ் எர்த், அதனால அந்த வண்டிக்காரங்களுக்கு இதுதான் நிம்மதி. ஆனா நேரா நிமித்தி மாட்டணும், சாய்ச்சு தலைகீழா போட்டா சூடு ஓடற விதம் மாறி 10 வோல்ட் வராது, காண்டாக்டும் நாளாக ஆக தேயும். நான் ஒரு கடைல வாங்கினது மாட்டின அன்னிக்கே குறைச்சலா காட்டுச்சு, திருப்பி அனுப்பிட்டேன்.

எலக்ட்ரானிக்னா உள்ள ஒரு 7810 ஐசி, எப்பவும் 10 வோல்ட் மட்டும் வெளிய விடற சின்ன சிப், அவ்ளோதான். எந்த எலக்ட்ரானிக்ஸ் கடைலயும் கெடைக்கும், விலை ஒரு டீ காசு. ரெண்டு மீட்டரும் சேந்து 0.2 ஆம்பியர்தான் இழுக்கும், 14ல இருந்து 10க்கு எறக்கறதுல ஒரு வாட்டுக்கும் கம்மியா சூடு, ஐசி 1 ஆம்பியர் தாங்கும். அதோட முதுகு தகடே எர்த்ங்கறதால நேரா பாடில போல்ட் போட்டா எர்த்தும் ஆச்சு, சூடு போக வழியும் ஆச்சு. பக்கத்துல 0.33, 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ரெண்டு போட்டுக்கோங்க. குறை என்னன்னா 10 வோல்ட் குடுக்கணும்னா உள்ள 12க்கு மேல வேணும், பேட்டரி களைச்சு இஞ்சின் ஓடாம இருக்கறப்போ முள்ளு கொஞ்சம் எறங்கி காட்டும். பாசிட்டிவ் எர்த் வண்டில இத அப்படியே போடவே கூடாது. அப்புறம், சாவி திருப்பினதும் பழைய டப்பா மொதல்ல முழு வோல்டேஜை குடுத்து முள்ளை தூக்கி விடும், இது குடுக்காது, அதனால முள்ளு இன்னும் பொறுமையா ஏறும், பயந்துடாதீங்க. கடைல பழைய டப்பா மாதிரியே இருக்கறது சிலதுக்குள்ளயும் ஐசிதான் வச்சிருக்காங்க, எந்த எர்த்துக்குன்னு கேட்டு வாங்குங்க.

மூணாவது, மீட்டரையே மாத்திட்டு புதுசு போடறது. எனக்கு இதுல மனசே ஒப்பல. டயல் எழுத்து, பச்சை வெளிச்சம், மெதுவா எழும்பற முள்ளு, இதெல்லாம் போயிட்டா டாஷ்போர்டு பாதி போயிடும். புது மீட்டருக்கு ஏத்த டேங்க் யூனிட்டும் வேணும், பழசு டேங்க் காலியா இருந்தா ஏறக்குறைய 240 ஓம், ஃபுல்லா இருந்தா 30 ஓம் பக்கம் காட்டும், இது ஒத்துப்போகலன்னா பழைய தலைவலியே புது ரூபத்துல வரும். டேங்க் யூனிட் மட்டும் புதுசு வாங்கினாலும் இந்த ஓம் கணக்க மாட்டறதுக்கு முன்னாடியே மல்டிமீட்டர் வச்சு பாத்துடுங்க, ஃப்ளோட்டை (பெட்ரோல் மேல மிதக்கற பகுதி) கையால தூக்கி எறக்கி பாருங்க. பழைய ஃப்ளோட்ல ஓட்டை விழுந்து பெட்ரோல் ஏறியிருந்தா ஃப்ளோட் முங்கிடும், எப்பவும் கம்மியாத்தான் காட்டும், அதுக்கு ஃப்ளோட் மட்டும் மாத்தினா போதும்.

நம்ம வண்டி நெகட்டிவ் எர்த், அதனால பழைய டப்பாவோட வயித்தை காலி பண்ணி 7810ஐ உள்ளயே உக்கார வச்சேன், வெளிய பாத்தா 1973தான். எர்த் வயர் தனியா ஒண்ணு இழுத்தேன். இப்ப அரை டேங்க்னா முள்ளு பாதிலயே நிக்குது, டெம்பரேச்சர் நடுவுல இருந்து அசையறதில்ல, டிராஃபிக்ல நிக்கறப்போ மட்டும் கொஞ்சம் ஏறுது, அது நெஜமான சூடு.