லாரித் தண்ணீர் வாங்குகிறவர்கள் ஒரு கழியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்

எங்கள் ஊர்க் கண்மாயில் மாடு மேயத் தொடங்கிவிட்டது. ஊரணியில் கடைசிப் படியும் தெரிகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று காரைக்குடிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீர் நாள் தள்ளி நாள் தள்ளி வரும், அப்புறம் லாரிக்குப் போன் போட வேண்டியதுதான். அப்படிப் போன் போட்டு 2017 கோடையில் நான் ஏமாந்ததை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

அதற்கு முந்தைய வருடம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்துபோனது. ஜனவரியிலேயே எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. வீட்டில் ஆளுக்கு ஒரு வாளிதான் குளியல். அரிசி களைந்த தண்ணீர் முருங்கைக்கு. முற்றத்தில் விழும் மழையைப் பிடிப்பதற்கென்று அப்பத்தா காலத்தில் வாங்கிய அண்டாக்களில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்தோம்.

அந்த நேரத்தில்தான் ஒருவர் வந்தார். 6,000 லிட்டர் லாரி, லோடுக்கு 1,200 ரூபாய். “சம்பை ஊத்துப் பக்கத்துத் தண்ணிண்ணே, இளநி மாதிரி இருக்கும். நாலு லோடுக்கு முன்பணம் குடுத்தா வரிசையில முதல்ல உங்க வீடு” என்றார். நல்ல தண்ணீருக்குப் பேர்போன சம்பை ஊற்று என்று சொன்னால் எங்கள் ஊரில் யாருக்குத்தான் நாக்கு ஊறாது? 4,800 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை.

முதல் லோடு சரியாக நாலாம் நாளே தீர்ந்தது. நாங்கள் செலவழித்த கணக்குக்கு ஏழு நாளாவது வந்திருக்க வேண்டும். அம்மா என்னைத்தான் சந்தேகப்பட்டார். (ஷவரை நான் கழற்றியே வைத்திருந்தேன்.) இரண்டாவது லோடு வந்தபோது தொட்டிக்குள் ஒரு மூங்கில் கழியை விட்டு, லாரி வருமுன் ஒரு கோடு, போன பின் ஒரு கோடு போட்டேன். எங்கள் தொட்டி 8 அடிக்கு 6 அடி. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். ஆக, அந்தத் தொட்டியில் ஓர் அங்குலம் ஏறினால் ஏறக்குறைய 113 லிட்டர். 6,000 லிட்டருக்கு 53 அங்குலம் ஏற வேண்டும். ஏறியது 41. கிட்டத்தட்ட 1,360 லிட்டரைக் காணோம்!

சூட்சுமம் பிறகு புரிந்தது. வால்வு லாரியின் பின்பக்கம். டிரைவர் தம்பி ஒவ்வொரு முறையும் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்குகிற மாதிரி நிறுத்துவார். தண்ணீர் முன்னால் தங்கிவிடும். குழாயில் ஓட்டம் மெலிந்ததும் “காலி ஆச்சி” என்று அம்மாவிடம் சொல்லிச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தங்கியது அடுத்த தெருவுக்கு.

இன்னொரு கூத்து, துவரம்பருப்பு வேகவே இல்லை. பருப்பு பழசு என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன், பாவம் அவர். ஆர்.ஓ. மெஷின் பார்க்க வந்த பையன் மீட்டரை விட்டுப் பார்த்தபோது டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்கிற கணக்கு) 1,850 காட்டியது. ஏதோ உப்பு போர்த் தண்ணீர். லாரிக்காரரைக் கேட்டால், “2,000 வரைக்கும் குடிக்கலாம்னு கவர்மென்டே சொல்லுதுண்ணே” என்கிறார். இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 500. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்துக்குத்தான் 2,000. அதை நான் சொன்ன பிறகு அவர் போனை எடுக்கவில்லை. பாக்கி இரண்டு லோடு, 2,400 ரூபாய், போனது போனதுதான்.

அதன் பிறகு முன்பணம் யாருக்கும் கொடுப்பதில்லை. குழாயைத் தொட்டியில் விடுமுன் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்க்கிறேன். கழியில் அங்குலம் பார்த்த பிறகுதான் பணம். போன வாரம் வந்த புது டிரைவர் தொட்டிப் பக்கம் சாய்ந்திருந்த கழியைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வண்டியை ரிவர்ஸ் எடுத்து, முன்பக்கம் மேட்டில் ஏறும்படி திருப்பி நிறுத்தினார்.