தாளா, கைத்தொலைபேசியா? முதியோரின் ஞாபகத்தை அளக்க இரண்டு வழிகள்

இறுதியாண்டு ஆய்வுக்காகக் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முதியோரின் ஞாபகசக்தியை அளக்கப் புறப்படும் மாணவர்கள் முதலில் கேட்பது, "கைத்தொலைபேசியிலேயே செய்துவிடலாமா?" என்பதுதான். தாராளமாகச் செய்யலாம், அது வேறு வேலைக்கான கருவி என்பது தெரிந்திருந்தால்.

நேரில் கேள்வி கேட்டுத் தாளில் புள்ளி போடும் சோதனைகளில் பெயர்போனவை இரண்டு: 1975இல் வெளிவந்த எம்.எம்.எஸ்.இ. (MMSE), 2005இல் வெளிவந்த மொக்கா (MoCA). இரண்டுக்கும் 30 புள்ளிகள். முன்னது மூன்று சொற்களைத் திரும்பக் கேட்கும்; பின்னது ஐந்து. தொடக்கநிலை மறதியைப் பிடிப்பதில் மொக்காவே கெட்டி. எம்.எம்.எஸ்.இ.யில் "இது என்ன பருவம்?" என்றொரு கேள்வி உண்டு. கொழும்பில் வசந்தம் ஏது, இலையுதிர்காலம் ஏது? "மழைக்காலம்" என்று ஓர் அம்மா சொன்னால், புள்ளி போட வேண்டியவர்தான் விழிப்பார்.

தாளின் பலம், எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது. காது மந்தமா, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தாரா என்பது உடனே தெரிந்துவிடும். ஆனால் கிடைப்பது ஒரே ஒரு நாளின் கணக்கு. முதல்நாள் இரவு தூங்காதவரும் உண்மையிலேயே மறதி உள்ளவரும் அதில் ஒரே புள்ளியோடு நிற்கலாம்.

இந்தக் குறையைத்தான் கைத்தொலைபேசி தீர்க்கிறது. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் 'ஆர்க்' செயலி, நாளுக்குப் பலமுறை சில நிமிடச் சோதனைகளை வைத்து, அதை ஒரு வாரம் தொடர்கிறது. ஒரு நாள் சோர்ந்தாலும் சராசரி காப்பாற்றிவிடும். அதிலுள்ள ஒரு சோதனை பொருளையும் விலையையும் சோடியாகக் காட்டி, பிறகு விலையைக் கேட்கும். இங்கே அதை ரூபாயில் அமைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். 2022க்குப் பிறகு விலைவாசி ஏறிய ஏற்றத்தில், "ஒரு கிலோ பருப்பு 120 ரூபாயா? எந்தக் கடையில், தம்பி?" என்று கேட்காத ஐயா எவர்? அவர் நினைவிலிருந்து பதில் சொல்ல மாட்டார், சந்தையிலிருந்து சொல்வார். அன்றாடம் வாங்காத பொருள்களைப் போடுவதே நல்லது.

வேகத்தை அளப்பதென்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கருவியைக் கொடுத்துவிடுங்கள். பழைய கைத்தொலைபேசியின் தாமதமும், வறண்ட விரலைத் திரை உணராமல் போவதும் மூளையின் தாமதமாகப் பதிவாகிவிடும். வீட்டுக்கு ஒரே கைத்தொலைபேசி என்றால் இன்னும் சிக்கல்: பாட்டிக்கு வரும் கேள்விக்குப் பேரன் பதில் சொல்லிவிடுவான், அதுவும் வெகு வேகமாக.

ஒரே சந்திப்பில் முடிக்க வேண்டிய ஆய்வுக்கும், திரையில் பழகாதவர்களுக்கும் நான் தாளையே சொல்வேன். ஒருவரின் ஞாபகம் நாளுக்கு நாள் எப்படி ஏறி இறங்குகிறது என்பதே கேள்வியானால் கைத்தொலைபேசிதான். செயலியின் மதிப்பெண்ணை மொக்காவின் 30க்கு மாற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். வசதி இருந்தால் முதல்நாளில் எல்லாருக்கும் தாள் சோதனை வைத்துவிடுங்கள். மூன்றாம் நாளே செயலியைக் கைவிடுகிறவர்களில் மறதி கூடியவர்கள் இருக்கக்கூடும். அவர்களின் தாள் புள்ளியும் கையில் இல்லையென்றால், தெளிவாக இருப்பவர்களை மட்டும் அளந்ததாக ஆய்வு முடியும்.