அஞ்சு தடவை விழுந்தா அம்புட்டுதான்: சிஸ்டம்டியோட குடும்பம் நடத்துன கதை

மாப்ள ஒருத்தன் கேட்டான், விபிஎஸ்ல, அதான் வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வர்ல, ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் ராத்திரி பகலா ஓடணும், லேப்டாப்ப மூடுனாலும் சாகக்கூடாது, நோஹப் கமாண்ட் போதுமா, டெர்மினல அப்பிடியே உசுரோட வச்சிருக்க டிமக்ஸா, இல்ல லினக்ஸ்ல சர்வீஸ் எல்லாத்தையும் ஓட்டி மேய்க்கிற சிஸ்டம்டியான்னு. வாட்ஸ்அப்ல பதில் அடிக்க ஆரம்பிச்சு நீளமாயிருச்சு, அதான் இங்க போடுறேன். கேட்ட நேரமும் அப்பிடி, போன வாரம்தான் சிஸ்டம்டி என் உசுர எடுத்துச்சு.

என்கிட்ட ஓடுறது சின்ன சமாச்சாரம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல கமிஷன் கடை வச்சிருக்க எங்க அண்ணன் விடியக்காலைல மல்லி, பிச்சி, கனகாம்பரம் என்ன வெலைன்னு ஒரு மெசேஜ் போடுவாரு, ஸ்கிரிப்ட் அத எடுத்து உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் பூந்தோட்டம் வச்சிருக்கவங்களுக்கு டெலிகிராம்ல அனுப்பிரும்.

நோஹப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. எஸ்எஸ்ஹெச், அதான் நம்ம லேப்டாப்ல இருந்து சர்வருக்குள்ள போற கனெக்ஷன், கட்டாகும்போது வர்ற ஹேங்கப் சிக்னல காதுல வாங்காம ஓட வைக்கும், செத்துப்போனா கேக்க நாதி கெடையாது. டிமக்ஸ் தங்கம். வீட்டுல கரண்ட் போயி நெட் போயி திரும்ப வந்து அட்டாச் பண்ணா விட்ட எடத்துலயே நிக்கும். ஆனா சர்வர் ரீபூட் ஆனா ரெண்டுமே கோவிந்தா, அதனாலதான் சிஸ்டம்டிக்கு மாறுனேன்.

மாறுனது நல்லதுதான், பொய் சொல்லக்கூடாது. எத எப்பிடி ஓட்டணும்னு சொல்ற பத்து வரி யூனிட் ஃபைல், ஒரு எனேபிள் கமாண்ட், சர்வர் எந்திரிச்சா அதுவும் எந்திரிக்கும். லாக் எல்லாம் சிஸ்டம்டியோட ஜர்னல்ல நேரத்தோட இருக்கும், அதுவும் தானா டிஸ்க்ல 10 சதவீதத்துக்கு மேல, எப்பிடியும் 4 ஜிபிக்கு மேல போகாது, நோஹப் எழுதுற நோஹப் டாட் அவுட் ஃபைல் மாதிரி ஊதிப்போயி கெடக்காது. உங்க லாகின் பேர்லயே ஓடுற யூசர் சர்வீஸா போட்டா மட்டும் லிங்கர்ங்கற செட்டிங்க எனேபிள் பண்ணிக்கணும், இல்லாட்டி லாகவுட் ஆனதும் அதுவும் சேந்து போயிரும். பைத்தான்ல பிரிண்ட் லாக்ல உடனே வரலைன்னா, சேத்து வச்சு எழுதுற பஃபரிங்க ஆஃப் பண்ணு, முடிஞ்சது.

இப்ப வயித்தெரிச்சலுக்கு வர்றேன். யூனிட் ஃபைல்ல ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்னு போட்டா விழ விழ எழுப்பும்னுதான எந்த மனுசனும் நெனப்பான்? எழுப்பும், ஆனா டீஃபால்ட்ல விழுந்த 100 மில்லிசெகண்ட்லயே எழுப்பும், 10 செகண்டுக்குள்ள 5 தடவை ஸ்டார்ட் ஆயிருச்சுன்னா அடுத்த தடவை முடியாதுன்னு கைய விரிச்சிரும். போன வாரம் ராத்திரி விபிஎஸ்காரய்ங்க மெயின்டனன்ஸ்னு ரீபூட் பண்ணியிருக்காய்ங்க, நெட்வொர்க் முழுசா வர்றதுக்குள்ள ஸ்கிரிப்ட் எந்திரிச்சு டெலிகிராம் சர்வர் பேர் கெடைக்கலன்னு விழுந்து, எந்திரிச்சு, விழுந்து, நாலஞ்சு செகண்ட்ல கோட்டா காலி. அதுக்கப்பறம் நெட்வொர்க் ஜம்முனு வந்துருச்சு, இது மட்டும் ஃபெயில்டுன்னு செவப்புல படுத்துக்கெடக்கு. யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லல.

நாளப்பாருங்க, தை முகூர்த்தம். பனியில வரத்து கொறைஞ்சு மல்லி ஆயிரக்கணக்குல போற சீசன். வெல வராம பாதி பேரு கேட்ட வெலைக்கு யாவாரிகிட்ட குடுத்துட்டாங்க, அண்ணன் போன்ல என்னைய வாங்குன வாங்கு இருக்கே, எழுத முடியாது.

இதெல்லாம் மேன் பேஜ்ல, அதான் லினக்ஸ் கூடவே வர்ற கையேட்டுல, இருக்கேன்னு யாராச்சும் வருவாய்ங்க. இருக்குண்ணே, எல்லாந்தான் இருக்கு! ஆஃப்டர்=நெட்வொர்க் டார்கெட்னு போட்டா நெட்வொர்க் வந்துருச்சுன்னு அர்த்தமில்ல, அதுக்கு நெட்வொர்க்-ஆன்லைன்னு தனியா இன்னொண்ணு, அதுக்கு வான்ட்ஸும் சேத்துப் போடணும்ங்கறதும் அங்கதான் இருக்கு. விழுந்து எத்தன செகண்ட் கழிச்சு எழுப்பணும்ங்கற ரீஸ்டார்ட்செக்க 30ன்னு வச்சாலே போதும், 10 செகண்ட் கணக்குல எப்பவுமே மாட்டாது. லிமிட்டே வேணாம்னா ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்=0, ஆனா அத யூனிட் பகுதியில போடணும், சர்வீஸ் பகுதியில போட்டா லாக்ல ஒரு வரி முனகிட்டு கண்டுக்காம போயிரும். ஆன்ஃபெயிலியர்=ன்னு தனியா ஒரு வரி இருக்கு, அதுல இன்னொரு யூனிட் வச்சா விழுந்ததும் உங்களுக்கு மெசேஜ் அனுப்பலாம், அதுவும் ரீஸ்டார்ட் போட்டிருந்தா இந்த அஞ்சு தடவையும் தீந்த பெறகுதான் வேலை செய்யும். ஓயாம சுத்தி சிபியுவ திங்கக்கூடாதுன்னு லிமிட் வச்சாய்ங்க, அந்த நியாயம் எனக்கும் புரியுது. ஆனா 100 மில்லிசெகண்ட எவன்யா யோசிச்சான், எந்த நெட்வொர்க் அதுக்குள்ள திரும்பி வருது?

இப்ப 30 செகண்ட்ல வச்சிருக்கேன், கல்லு மாதிரி ஓடுது, இத விட்டுட்டு வேற எதுக்கும் போற ஐடியாவும் இல்ல. இருந்தாலும் இன்னைக்கு மார்க் போடச் சொன்னா பத்துக்கு நாலுதான், அண்ணன் பழையபடி பேச ஆரம்பிச்சதும் வேணா ஏத்திக்கலாம்.

மாப்ள, உன் ஸ்கிரிப்ட் ஒரு மாசத்துக்குத்தான்னா டிமக்ஸ் போதும். சர்வர் ரீபூட் ஆச்சுன்னா எனக்கு போன் போடாத.