640 படம், 80 சிலைடு: லிவா முகாமை எதில் கோர்ப்பது?

போன டிசம்பரில் அபுதாபியிலிருந்து மூன்று வண்டிகளில் ஏழு பேர் லிவாவுக்குப் போனோம். ரப் அல் காலி பாலைவனத்தின் வடக்கு விளிம்பில் பேரீச்சைத் தோப்புகளாக நீளும் ஊர் அது. அங்கிருந்து தெற்கே, சுமார் 300 மீட்டர் உயரம் என்று சொல்லப்படுகிற தல் மொரீப் மணல்மேட்டுக்குப் போகும் ரோட்டிலிருந்து ஓரமாக இறங்கி, இரண்டு ராத்திரி டென்ட் அடித்தோம். திரும்பி வந்து எல்லோருடைய படங்களையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் 640. அதில் பாதி வெறும் மணல். மீதிப் பாதி, மணலில் நிற்கிற நாங்கள்.

இதை ரூமில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், லீவில் போகும்போது ஊரில் அம்மாவுக்கும் காட்ட வேண்டும். நாலு வழியிலும் செய்து பார்த்தேன்.

முதல் வழி, படங்களைப் பென்டிரைவில் போட்டு டிவியில் செருகிவிடுவது. செலவில்லை, உழைப்பில்லை. ஆனால் பெரும்பாலான டிவிகள் கோப்புப் பெயரை வைத்துத்தான் வரிசைப்படுத்தும். கேமராக்காரன் எடுத்தது முழுக்க ஒரு மூச்சில் ஓடும், அப்புறம் அடுத்தவன் போன் படங்கள் மறுபடி முதல் நாள் காலையிலிருந்து தொடங்கும். ஐபோனின் ஹெய்க் வகைப் படங்களைப் பல டிவிகள் கண்டுகொள்வதே இல்லை. சரி, இதை இதோடு விடுவோம்.

இரண்டாவது, போனே தானாகச் செய்து நீட்டுகிற நினைவு வீடியோ. கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் இது நன்றாகவே செய்யும். பாலைவனத்தில்தான் தடுமாறுகிறது. அதன் கண்ணுக்குச் சிரித்த முகம் நல்ல படம். ஒன்றுபோல் இருக்கிற படங்களில் ஒன்று போதும், மற்றது குப்பை. எங்கள் டென்ட்டுக்கு எதிரே இருந்த மேட்டை நின்ற இடத்திலிருந்தே சாயங்காலம் நாலே முக்கால், ஐந்தேகால், ஐந்தே முக்கால் என்று மூன்று தரம் எடுத்திருந்தேன். முதலில் கோதுமை மாவு நிறம், பிறகு செங்கல், கடைசியில் மேட்டின் நிழல் பக்கம் மட்டும் கத்தரிப்பூ நிறம். அந்த மூன்றும் அடுத்தடுத்து வந்தால்தான் அங்கே என்ன நடந்தது என்பது தெரியும். தானியங்கி அதில் இரண்டைத் தூக்கி எறிந்தது. அதே சமயம், பக்கத்து டென்ட் குடும்பம் தெளிவாகத் தெரிகிற படம் ஒன்றை, முகங்கள் நிறைய இருந்ததாலோ என்னவோ, உள்ளே சேர்த்திருந்தது. அமீரகத்தில் அடுத்தவரை அனுமதியில்லாமல் படமெடுத்து வெளியிடுவது சைபர் குற்றச் சட்டப்படி தண்டனைக்குரியது. குரூப்பில் தட்டிவிடும் முன் முழுதாகப் பார்த்துவிடுங்கள்.

பாட்டின் தாளத்துக்கு ஏற்ப அரை விநாடிக்கு ஒரு படம் வெட்டுகிற போன் செயலிகளும் இந்த ரகம்தான். மணல்மேடு அரை விநாடிக்கான சமாச்சாரம் இல்லை.

மிச்சம் இருப்பது இரண்டு: பவர்பாயிண்ட், வீடியோ எடிட்டர். உண்மையான போட்டி இங்கேதான்.

எதில் செய்தாலும் முன்வேலை ஒன்று இருக்கிறது. படங்களை எடுத்த நேரப்படி அடுக்கியபோது எங்கள் கதையில் கோழி சுட்டுத் தின்று முடித்த பிறகு சூரியன் மறைந்தது! காரணம் எளிது. கேமரா சென்னையிலிருந்து வந்தது. அதன் கடிகாரம் இன்னும் இந்திய நேரத்தில், எங்கள் போன்களுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் கேமரா படங்களுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரத்தைக் கழித்ததும் சூரியன் ஒழுங்காக அடுப்புக்கு முன்னால் மறைந்தது.

இன்னொன்று, எண்ணிக்கை. கோடாக் நிறுவனம் 1961இல் கொண்டுவந்த கரோசல் சிலைடு புரொஜெக்டரின் வட்டத் தட்டில் பொதுவாக 80 சிலைடு பிடிக்கும். நானும் அந்த 80ஐயே எல்லையாக வைத்துக்கொண்டேன். படத்துக்கு 5 விநாடி என்றால் 6 நிமிடம் 40 விநாடி. அதற்கு மேல் போனால் விருந்தாளிகள் போனை எடுத்துவிடுகிறார்கள்.

இனி பவர்பாயிண்ட். ஆபீஸ் மென்பொருள் என்று இளக்காரமாகப் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன், மணலுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. வீடியோ என்பது படத்தைச் சுருக்கிச் சுருக்கித்தான் கோப்பாகிறது. மணலில் ஒவ்வொரு பருக்கையும் ஒரு தகவல். காற்று வரைந்த வரிகள் திரை முழுக்க இருக்கும். அந்தப் படத்தை மெல்ல நகர்த்தினால் திரையில் இருக்கிற அத்தனை புள்ளியும் ஒரே நேரத்தில் நகரும். பிட்ரேட், அதாவது வீடியோவின் ஒவ்வொரு விநாடிக்கும் ஒதுக்குகிற தகவல் அளவு, குறைவாக இருந்தால் மணல் வரிகள் கூழாகிவிடும். இரவு வானத்துக்கு வேறு தொல்லை: கருநீலம் மெல்ல மெல்லக் கறுப்பாக வேண்டிய இடத்தில் படிக்கட்டு மாதிரி பட்டைபட்டையாகத் தெரியும். லேப்டாப்பை எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைத்துப் பவர்பாயிண்டை ஓட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே காட்டப்படுவது படமேதான். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், படங்களைச் சுருக்காதே என்ற கட்டத்தை மட்டும் முதலிலேயே டிக் செய்துவிடுங்கள்.

இன்செர்ட்டில் இருக்கும் ஃபோட்டோ ஆல்பம் 80 படத்தையும் ஒரே தடவையில் சிலைடுகளாகப் போட்டுத் தரும். போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்த படங்கள் 16:9 திரையில் இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு ஒல்லியாக நிற்கும். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தேன்: இடதில் மேட்டில் ஏறுகிறவன், வலதில் அவன் விட்டுப் போன காலடித் தடம். வீடியோவில் தொலைந்துபோகிற இன்னொரு வசதி, நிறுத்திப் பேசலாம். பி விசையைத் தட்டினால் திரை கறுப்பாகும். மூன்றாவது வண்டி புதைந்த கதைக்கு எங்களிடம் படமே கிடையாது, எல்லோரும் தள்ளிக்கொண்டிருந்தோம். கறுப்புத் திரைக்கு முன் அந்தக் கதையைச் சொல்லி முடித்து, மறுபடி தட்டி அடுத்த சிலைடுக்குப் போனால் மறுநாள் காலை டீ.

வீடியோ எடிட்டரில் நான் எடுத்துக்கொண்டது டாவின்சி ரிசால்வ். இலவசப் பதிப்பிலேயே 4கே வரை வெளியே எடுக்கலாம். கொஞ்சம் தெம்பான கணினி வேண்டும். புதிதாக வருகிறவர்கள் திகைக்கிற இடம் ஒன்று உண்டு: வரிசை எண் போட்ட படங்களை அது ஒரே படச்சுருளாக எடுத்துக்கொள்ளும். 80 படமும் மூன்று நாலு விநாடியில் பறந்துவிடும். மீடியா பக்கத்தில் ஃபிரேம்களைத் தனித்தனியாகக் காட்டு என்று மாற்றிவிட்டு இழுத்தால் சரியாகும்.

ரிசால்வ் ஜெயிக்கிற இடம் அசைவும் ஒலியும். போனின் 12 மெகாபிக்சல் படம் சுமார் 4,000 புள்ளி அகலம். ஃபுல் எச்டி டிவி 1,920தான். ஆக இரண்டு மடங்கு வரை நெருங்கிப் போனாலும் தெளிவு குறையாது. வெறும் மேடு போலத் தொடங்கி, மெல்ல நெருங்கினால் உச்சியில் எறும்பு மாதிரி ஒரு ஆள் என்று காட்டுவதற்கு அதிலுள்ள டைனமிக் ஜூம் வசதி போதும். பின்னணிக்குச் சினிமா பாட்டு போட்டால் யூடியூபில் ஏற்றும்போது காப்புரிமைத் தகராறு வரும். நான் போனில் பதிந்து வைத்திருந்த சத்தங்களையே போட்டேன்: மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்குகிற உஸ், ராத்திரி டென்ட் துணி படபடத்தது, காஸ் அடுப்பு. கீழ்வானில் மிருகசீரிடத்தின் மூன்று நட்சத்திரங்களும் திருவாதிரையும் ஏறிவருகிற படத்துக்கு அந்தப் படபடப்பு மட்டும்.

விலை என்ன? பவர்பாயிண்டில் ஒரு சாயங்காலம். ரிசால்வில் மூன்று வார இறுதிகள். மணல் கூழாகாமல் இருக்க 40 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 40 மெகாபிட்) பிட்ரேட்டில் எடுத்தால் 5 நிமிடத்துக்கே ஒன்றரை ஜிபி. வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு மறுபடி சுருக்கும். டாக்குமெண்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும். பென்டிரைவ் ஃபேட்32 வகையாக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது.

கூட வந்தவர்கள் ஆளுக்கொரு பிரதி கேட்டால் ரிசால்வ் வீடியோதான் கொடுப்பேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவதென்றால் பவர்பாயிண்டை விட்டு வேறெதற்கும் போக மாட்டேன்.

லீவில் ஊரில் அம்மாவுக்குக் காட்டினேன். செங்கல் நிற மேடு வந்ததும், “ஏல, நிப்பாட்டு. இது நம்ம தேரிக்காடு மாதிரில்லா இருக்கு?” என்றாள். நிறுத்தினேன். சின்ன வயதில் ஊர்ப் பக்கத்துச் செம்மணல் மேடுகளான அந்தத் தேரியில் கொல்லாம்பழம் பொறுக்கப் போய், மண் சூட்டில் கால் வைக்க முடியாமல் பனையோலையைக் காலில் கட்டிக்கொண்டு ஓடிய கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். பதினைந்து நிமிடம், 31ஆம் சிலைடு அப்படியே நின்றது. வீடியோவாக இருந்திருந்தால் அதற்குள் மூன்றாவது வண்டி புதைந்து, மீண்டு, அபுதாபிக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.