முதுகு குஷனும் அந்த நாசமாப்போன பட்டையும்

கார் சீட்டுக்கு முதுகு குஷன் வாங்கலாமான்னு ஃப்ரெண்டு ஒருத்தன் போன்ல கேட்டான், பத்து நிமிஷம் அதோட எலாஸ்டிக் பட்டைய மட்டுமே திட்டிட்டு வச்சிட்டேன். அதனால முழுசா இங்க எழுதிடுறேன்.

ரெண்டு வருஷமா யூஸ் பண்றேன். மெமரி ஃபோம் இன்னும் அமுங்கிப் போகல, ஆனா பட்டை ஆறே மாசத்துல தொளதொளன்னு ஆயிடுச்சு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் குஷன் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி, இடுப்பு வளைவுல இருக்க வேண்டியது அரை மணி நேரத்துல பிட்டத்துக்கிட்ட வந்து நிக்கும். அங்க இருந்தா தாங்காது, ஆள முன்னாடி தள்ளும், அவ்ளோதான். சிக்னல் விழுந்தா எல்லாரும் போன எடுப்பாங்க, நான் கைய பின்னால விட்டு குஷன ஏத்திட்டிருப்பேன்.

சரியான எடத்துல இருந்தா, அதாவது பேன்ட் பெல்ட்டுக்குக் கொஞ்சம் மேல, சொகம்தான், பொய் சொல்லக்கூடாது. மூணு மணி நேரம் ஓட்டிட்டு கூன் போடாம இறங்குறேன். ஆனா அதுல பாதி பெருமை குஷனுக்கு இல்ல. அத வச்சதும் உடம்பு முன்னாடி வந்து ஸ்டீயரிங் நெஞ்சுக்கிட்ட வந்துடுச்சு, வேற வழியில்லாம சீட்ட முதல்ல இருந்து செட் பண்ணேன், கிளட்ச முழுசா அமுக்குனாலும் முட்டி லேசா மடங்கியே இருக்குற மாதிரி, தோள் சீட்டுல ஒட்டியிருக்கப்ப மணிக்கட்டு ஸ்டீயரிங் உச்சியில படுற மாதிரி, நெஞ்சுக்கும் ஏர்பேகுக்கும் 25 செ.மீ.யாச்சும் இருக்குற மாதிரி. பின் பாக்கெட் பர்ஸையும் அன்னிக்குத்தான் வெளிய எடுத்தேன், வருஷக்கணக்கா ஒரு பக்க இடுப்ப தூக்கி வச்சே ஓட்டியிருக்கேன்! இதெல்லாம் குஷன் வாங்காமலே பண்ணியிருக்கலாம்ல, அதான் கடுப்பு.

நிமிர்ந்து உக்காந்து உள் மிரர செட் பண்ணிடுவேன். வழியில பின் கண்ணாடி பாதிதான் தெரிஞ்சா நான் சரிஞ்சுட்டேன்னு அர்த்தம், மிரர தொடக்கூடாது, முதுகத்தான் நிமித்தணும். குஷனவிட எனக்கு உதவுனது இதான்.

இன்னொரு விஷயம், குஷன் தடிமனா இருந்தா தலைக்கும் ஹெட்ரெஸ்ட்டுக்கும் நடுவுல இடைவெளி கூடிடும், பின்னால எவனாச்சும் இடிச்சா கழுத்துக்கு ஆபத்து. என்னோடத பாதி ஃபோம் கத்தியால அறுத்து எடுத்துட்டேன், பாக்க எலி கடிச்ச மாதிரி இருக்கு.

வாங்கலாமான்னு கேட்டா, வேணாம்டா. மொதல்ல ஒரு டவல சுருட்டி வச்சு ரெண்டு வாரம் ஓட்டிப் பாரு. என்னோடத ட்ரை பண்ணிப் பாக்கத் தரட்டுமான்னு கேக்காத, நேத்துதான் டைலர்கிட்ட குடுத்து புதுப் பட்டை தைச்சு வாங்கியிருக்கேன்.