குழித்துறைக்குக் கீழே வீடு வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், புதுக்கடை, முஞ்சிறை பக்கம் வீடோ மனையோ தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வளைகுடாவில் இருந்துகொண்டு, தரகர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் வீடியோவைப் பார்த்துப் பணம் போடுகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். எங்களுக்கு ஒரு வீட்டை விற்றார்கள். பத்திரம் சரி, பட்டா சரி, வில்லங்கம் ஏதும் கிடையாது. மழை வலுத்தால் அந்த வீட்டுக்குள் ஆறு வந்து போகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லாததோடு நிற்காமல், அது எங்கள் கண்ணில் படாமல் இருக்கவும் வேலை பார்த்து வைத்திருந்தார்கள்.

2021 தொடக்கத்தில் வாங்கினோம். என் வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் வேலை. நானும் மாமியாரும் பிள்ளையும் இங்கே. குழித்துறைத் தாமிரபரணிக்குப் பக்கத்தில் எட்டு சென்ட் இடம், கான்கிரீட் வீடு, சுற்றுச்சுவர், தென்னைகள். "அக்கா, இந்த ரேட்டுக்கு மெயின் ரோட்டுப் பக்கம் மூணு சென்ட் கூட கிட்டாது" என்றார் தரகர். விலை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். விற்கிறவர் திருவனந்தபுரத்தில் குடியேறிவிட்டார், மகள் கல்யாணத்துக்கு அவசரமாகப் பணம் வேண்டும் என்று பதில் வந்தது.

அந்த வீடு எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதே வேலையை இன்னொரு வீட்டில் பார்த்தால் உங்களுக்கு உடனே பிடிபட வேண்டும்.

உள்ளும் புறமும் புது பெயின்ட். விற்கிற வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது எங்கும் வழக்கம்தான். ஆனால் இங்கே ஹாலிலும் படுக்கையறையிலும்கூட இடுப்பு உயரத்துக்குச் சுவரில் டைல்ஸ் ஒட்டியிருந்தது. பிள்ளை கிறுக்கினாலும் துடைத்துவிடலாம் என்றார் தரகர். பிளக் பாயிண்டுகள் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருந்தன. குழந்தைகள் கை வைக்காமல் இருக்க என்றார். சமையலறையில் மேடைக்குக் கீழே ஓர் அலமாரிகூட இல்லை. முன்வாசலில் நல்ல தேக்குக் கதவு, பின்வாசலிலோ இரும்புக் கதவு. கிணற்றில் குனிந்து கை நீட்டினால் தண்ணீர் எட்டும் போல இருந்தது. கோடையிலும் வற்றாத கிணறு என்று பெருமையாகக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் காரில் கூட்டிவந்து கேட்டிலேயே இறக்கி, திரும்பக் காரிலேயே ஏற்றிவிட்டார். பக்கத்து வீட்டாரோடு இரண்டு வார்த்தை பேச வாய்ப்பே வரவில்லை. அதுவும் திட்டமிட்டதுதான் என்று இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஆண்டு நவம்பரில் மாவட்டம் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. தண்டவாளத்தில் மண் சரிந்து நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே ரயில்கள் நின்றது பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் வீட்டில் தண்ணீர் முதலில் வாசல் வழியாக வரவில்லை. கழிவறைக் கோப்பை வழியாகக் கொப்பளித்துக்கொண்டு வந்தது. செப்டிக் டேங்க் நிரம்பி, போக வழியில்லாமல் உள்ளே திரும்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆற்றுத் தண்ணீர் ஜன்னல் அடி வரை ஏறியது. நடக்கமுடியாத மாமியாரைப் பக்கத்து வீட்டுப் பையன்கள் நாற்காலியோடு தூக்கி ஆலய மண்டபத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பையன்களுக்கு நாங்கள் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

தண்ணீர் வடிந்தபின் ஹாலில் சில டைல்ஸ் பெயர்ந்து விழுந்தன. அடியில் பழைய பூச்சு தெரிந்தது. அதில் பழுப்பு நிறக் கோடுகள், வெவ்வேறு உயரத்தில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. ஒரே ஒரு வெள்ளம் விட்டுப்போன தடம் அல்ல அது. வீட்டின் வரலாற்றையே டைல்ஸ் போட்டு மூடியிருந்தார்கள்.

மண்டபத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார்: "மக்களே, 2018-லயும் இப்படித்தான் வந்துது. அப்ப வாடகைக்கு இருந்தவங்க ராத்திரி முழுக்க மொட்டமாடியிலதான் கிடந்தாங்க." ஏன் பாட்டி எங்களிடம் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "வாங்க வந்தவங்ககிட்ட நாங்களா போயிச் சொன்னா, விக்கவிடாம கெடுத்தோம்னு சண்டைக்கு வருவாங்க. நீங்க வந்து கேட்டா சொல்லாம இருப்பேனா?" அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரில் காலம் முழுக்க முகம் பார்த்து வாழ வேண்டியவர் அவர்.

இந்த ஆற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வெள்ளம் நம் தலைமேல் பெய்யும் மழையால் மட்டும் வருவதில்லை. மேலே மலையடிவாரத்தில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள் இருக்கின்றன. பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணியுடையது 77 அடி. மலையில் விடாமல் மழை பெய்து மட்டம் ஏறினால் உபரிநீரைத் திறந்தே ஆக வேண்டும். பேச்சிப்பாறைத் தண்ணீர் கோதையாற்றில் திற்பரப்பு வழியாக இறங்கும், பெருஞ்சாணித் தண்ணீர் பரளியாற்றில் வரும். இரண்டும் திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, ஒரே ஆறாகக் குழித்துறையைத் தாண்டி தேங்காய்ப்பட்டினத்தில் கடலில் விழுகின்றன. திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை என்று செய்தி வந்தால் சுற்றுலாப் பயணிகளுக்கு அது ஏமாற்றம். கீழே இருக்கிற எங்களுக்கு அது முதல் மணி. ஆற்றைக் கடக்கும் தாழ்வான குழித்துறைச் சப்பாத்துப் பாலம் மூழ்கியது என்றால் சாமானை மேலே ஏற்றத் தொடங்க வேண்டும்.

ஆற்றின் கடைசிப் பகுதி தாழ்வானது. கடல் ஏறி நிற்கிற நேரத்திலும், ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் மணல் அடைத்துக் கிடக்கிற நேரத்திலும் தண்ணீர் கடலுக்குள் இறங்க முடியாமல் ஏலாக்களில், அதாவது தாழ்வான வயல்வெளிகளில், பரவும். முன்பு அங்கே நெல் நின்றது, பிறகு வாழை நின்றது. தண்ணீர் வந்து நின்று வடிந்துபோவதில் யாருக்கும் பெரிய சேதம் இல்லை. இப்போது குன்றை வெட்டிய செம்மண்ணை லாரி லாரியாக அடித்து நிரப்பி வீடு கட்டுகிறார்கள். தண்ணீர் பழைய இடத்துக்குத்தான் வருகிறது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகைக்கு மட்டும் பயப்படுவார்கள். 2018 வெள்ளம் ஆகஸ்டில், கேரளம் மூழ்கிய அதே நாட்களில் வந்தது.

இதெல்லாம் காகிதத்தில் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், பார்ப்பதற்கு ஆள் வேண்டும். எங்கள் பட்டாவிலேயே அந்த இடம் நன்செய், அதாவது வயல், என்றுதான் இருந்தது. "அது பழைய ரெக்கார்டு அக்கா, பஞ்சாயத்து வீட்டுவரி போட்டாச்சு, கரண்டு இருக்கு, இனி என்ன" என்றார் தரகர். கடன் கொடுத்த வங்கியின் வழக்கறிஞர் மூலப்பத்திரங்களைப் பார்த்து, உரிமையில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார். வங்கி அனுப்பிய பொறியாளர் சதுர அடி அளந்து மதிப்புப் போட்டார். இவர்களில் யாருடைய படிவத்திலும் இங்கே தண்ணீர் வருமா என்று ஒரு கேள்வி இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு போய்க் கேட்டபோது, அது எங்கள் வேலை இல்லையே என்றார்கள். வங்கியே கடன் கொடுத்துவிட்டது, அப்படியானால் நல்ல இடம்தான் என்று நினைக்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். வங்கி பார்ப்பது தன் பணம் திரும்பி வருமா என்பதை. நீங்கள் அங்கே படுத்துத் தூங்க முடியுமா என்று அது பார்ப்பதில்லை.

விற்றவரைத் தொடர்புகொண்டோம். "நாங்க இருந்தவரை ஒரு சொட்டுத் தண்ணி வந்ததில்ல" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். தரகர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கியவர், "நான் கைகாட்டினவன் மட்டும்தான்" என்றார். ஆனால் சட்டம் அவர்கள் சொல்வது போல இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவின்படி, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத, விற்கிறவருக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்கிறவர் சொல்லியாக வேண்டும். தெரிந்த குறையை மூடி மறைப்பதை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 17-ஆவது பிரிவு மோசடி என்றே சொல்கிறது. டைல்ஸுக்கு அடியில் இருந்த கோடுகளை அளவுகோலோடு படம் எடுத்து வைத்தோம். 2018 வெள்ளச் சேதக் கணக்கெடுப்பில் அந்த வீட்டின் விவரம் இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டோம். இருக்கிறது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை வைத்துத்தான் வழக்குப் போட்டிருக்கிறோம், நடந்துகொண்டிருக்கிறது. இதே நிலையில் இருப்பவர்கள் மூன்று வருடக் காலவரம்பை மனதில் வைத்துச் சீக்கிரம் வழக்கறிஞரைப் பாருங்கள். சுவரைப் படமெடுக்காமல் மறுபடி பூசிவிடாதீர்கள். எங்கள் தெருவிலேயே ஒருவர் அவசரப்பட்டு எல்லாம் பூசிவிட்டு, இப்போது காட்ட ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்.

பிறகு என் தங்கை எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையில் வீடு பார்த்தபோது நானும் கூடவே போனேன். கேரளத்தில் 2008-இல் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் ஒவ்வொரு ஊருக்கும் வயல்களின் தரவுப் பட்டியல், அவர்கள் சொல்லும் டேட்டா பேங்க், இருக்கிறது. ஒரு சர்வே எண் அதில் இருக்கிறதா, வில்லேஜ் ஆபீஸ் ஆவணத்தில் 'நிலமா' (வயல்), 'புரையிடமா' (வீட்டுமனை) என்று முதலில் கேட்டோம். வயல் என்று இருந்த வீடு ஒன்றை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தோம், உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் பிடித்துவிடும். நம் பக்கம் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஆனால் பட்டா பார்க்கும் அரசு இணையதளத்திலேயே ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் 'அ' பதிவேடும் கிடைக்கிறது, நன்செய்யா புன்செய்யா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். சர்வே எண்ணின் அளவு வரைபடமான புலப்படத்தில் ஓடையோ, சானலோ, குளத்து மறுகாலோ பக்கத்தில் போகிறதா என்றும் பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களை நகர்த்திப் பார்க்கும் வசதி உண்டு. எங்கள் மனை பழைய படத்தில் வரப்போடு தெளிவாகத் தெரிகிறது. அதைப் பார்த்த அன்று நான் அழுதுவிட்டேன்.

காகிதத்தை விட நேரில் நடப்பது முக்கியம். தரகர் இல்லாமல், மழை பெய்கிற நாளில், நடந்தே போங்கள். தண்ணீர் வருமா என்று கேட்டால் வராது என்றுதான் பலர் சொல்வார்கள். வெள்ளத்தின்போது முகாம் எங்கே போட்டார்கள் என்று கேளுங்கள். பால்காரரிடமும், ஆட்டோ ஸ்டாண்டிலும், மின்வாரிய லைன்மேனிடமும் கேளுங்கள், மழைக்கு எந்த டிரான்ஸ்பார்மரை முதலில் நிறுத்துவார்கள் என்று லைன்மேனுக்குத் தெரியும். பக்கத்தில் புதிதாகக் கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்தை ஆள் உயரத்துக்குத் தூக்கியிருந்தால் அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை என்று பொருள். வேலியோரம் ஈரநிலத்தில் வளரும் கைதையும் (தாழை) சேம்பும் கோரையும் செழித்து நின்றாலும் கவனியுங்கள். மேடாக இருந்தால் போதும் என்று, குன்றைச் செங்குத்தாக வெட்டிய இடத்தின் அடியிலும் வாங்கிவிடாதீர்கள். செம்மண் சுவர் நனைந்தால் அப்படியே உட்காரும். தங்கை வாங்கியது கூடுதல் விலைக்குச் சிறிய வீடு. கிணறு ஆழம், சாலை வீட்டுக்குக் கீழே போகிறது. மழை நாளில் அவள் நிம்மதியாக இருக்கிறாள்.

ஏற்கெனவே தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் வீட்டுக் காப்பீட்டையாவது எடுத்து வையுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளச் சேதமும் அடங்கும். எங்களிடம் அப்போது அது இல்லை.

போன கோடையில் அதே தரகர் எங்கள் வீட்டுக்கே ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்தார். "தண்ணி விஷயம் மட்டும் பேசாண்டாம் அக்கா, வித்துத் தள்ளிடலாம்" என்றார். கைக்குழந்தையோடு வந்திருந்த அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிப்போய், பெயர்ந்த டைல்ஸ் அடியில் இருந்த கோடுகளைக் காட்டினேன். அவர்கள் வாங்கவில்லை. வங்கித் தவணையை மாதாமாதம் கட்டிக்கொண்டு நாங்கள் இப்போது புதுக்கடையில் வாடகைக்கு இருக்கிறோம். அதே ஏலாவில் வேறு வீடுகளும் விற்பனைக்கு இருக்கின்றன, வீடியோக்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. உங்களுக்கு ஒன்று வந்திருந்தால் சர்வே எண்ணை எனக்கு அனுப்புங்கள். 'அ' பதிவேட்டையும் பழைய படத்தையும் பார்த்துச் சொல்கிறேன், முடிந்தால் நேரில் போய்ப் பாட்டியிடமும் கேட்டுச் சொல்கிறேன்.